மகோதரக்காரனின் மகஜர்

1913 ஜூலை 28, திங்கள்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று கலெக்டர் கச்சேரி வாசலில், மனு எழுத வந்த ஒரு கிழவி என்னைப் பார்த்ததும் மரத்தடிக் கல்லிலிருந்து எழுந்து இடம் விட்டாள். "இரிங்கய்யா, வாயும் வயிறுமா நிக்கிய" என்றாள். கச்சேரி வாசலே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். பிறகு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பதினெட்டு வருஷமாக ஊரார் அழுகையை மனுவாக எழுதிப் பிழைக்கிற ஐயம்பெருமாள் பிள்ளை தானே அழுத சங்கதி இந்த நோட்டோடு இருக்கட்டும்.

வேட்டி இடுப்பை விட்டு மார்புக்குக் குடிபோய் இரண்டு மாதம் ஆகிறது. நாட்டு வைத்தியர் மகோதரம், வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி உப்பை நிறுத்தினார். டிஸ்பென்சரியின் சின்ன டாக்டர் ஞானசிகாமணி, ஈரல் சுருங்கிவிட்டது என்கிறார். பிராந்தி குடிப்பதுண்டா என்று கேட்டார்.

"மருந்துக்குக் கொஞ்சம்."

"எத்தனை வருசமா மருந்து?" சிரிக்காமல்தான் கேட்டார்.

ஜூலை 30

வயிற்றில் துளை போட்டு ஐந்து படி தண்ணீர் இறக்கினார்கள். வைக்கோல் ஊறிய நிறம், தெளிவு. வெகு நாளைக்குப் பிறகு என் கால் விரல்களைப் பார்த்தேன். பழைய சிநேகிதர்கள்!

துளையின் மேல் கட்டு. "பத்து நாளைக்குத் தண்ணி படவே கூடாதுய்யா" என்று டாக்டர் மூன்று முறை சொன்னார். சின்ன வயது. பேசும்போது நம் முகத்தைப் பார்க்கிறார், வயிற்றைப் பார்ப்பதில்லை.

ஆகஸ்டு 1

மதார் வந்திருந்தான். கச்சேரி மரத்தடியில் எனக்குப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து மனு எழுதுகிறவன். முத்து முத்தாக எழுதுவான். ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லென்றான். வெறுமனே சொன்னால் கதையா? டாக்டர் ஊசியைக் கால்சட்டையில் இரண்டு இழுப்பு இழுத்துத் துடைத்துவிட்டு, பனங்காயில் கத்தியை இறக்குகிற மாதிரி இறக்கினார் என்றேன். நடித்தும் காட்டினேன். மதாருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

ஆகஸ்டு 2, ஆடி அமாவாசை

குறுக்குத்துறையில் முழுக்குப் போட்டு அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்தேன். என் வீட்டுக்காரி உலகம்மாள் தடுத்தாள். "தண்ணி ஆகாதுன்னாரே டாக்டரு. இங்கனயே தலையில தெளிச்சிக்கிட்டா அப்பா கோவிச்சுக்குவாங்களா?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த தீட்டு, தெளித்தால் போகாது என்று சண்டை போட்டேன். உண்மை அதுவல்ல. அமாவாசைக்கு ஊரே ஆற்றில் நிற்கும். வாயும் வயிறும் என்று சிரித்தவர்கள் எல்லாம் வயிறு வற்றிய ஐயம்பெருமாள் பிள்ளையைப் பார்க்க வேண்டும். கட்டு இருந்தால் அழகில்லை. அதையும் அவிழ்த்தேன். செந்நீராய்ப் புதுவெள்ளம், கழுத்தளவு நின்றேன்.

ஆகஸ்டு 5

குளிர்காய்ச்சல். துளை கசிகிறது.

ஆகஸ்டு 7

வயிறு மறுபடி ஏறுகிறது. முன்பு பாரம் மட்டும்தான். இப்போது விரல் பட்டால் உயிர் போகிறது. மேலே கிடக்கும் துண்டுகூடக் கனக்கிறது. நேற்று உலகம்மாளை அம்மா என்று கூப்பிட்டேனாம். அவள் சிரிக்கவில்லை.

ஆகஸ்டு 9

ஊசிக் கதை எனக்கு முன்னால் ஊரைச் சுற்றிவிட்டது. மதார் காகிதத்தோடு வந்தான்.

"வே, அழுக்கு ஊசியால குத்தி உம்மைக் கொல்லப் பாத்திருக்கான். சும்மா விடவா? கலெக்டருக்கு மகஜர் போடுவோம். கண்ணால பாத்தீருல்லா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் எனக்காகக் கொதிக்கிறார்கள். எனக்கு அது சுகமாக இருந்தது. "பாத்தேன்" என்றேன். வாசகத்தையும் நானே சொன்னேன். படுத்த படுக்கையிலும் வாசகம் வழுக்கிக்கொண்டு வந்தது, பாவி. நாற்பத்திரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது.

உலகம்மாள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

ஆகஸ்டு 11

டாக்டர் வீடு தேடி வந்தார். மகஜர் போனது தெரிந்தே வந்திருக்கிறார். ஊசியைச் சட்டியில் போட்டு, உலகம்மாள் அடுப்பிலேயே கொதிக்க வைத்தார். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. கொஞ்சம் தண்ணீர் எடுத்துக் கண்ணாடிக் குப்பியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அரிசி கழுவிய கழுநீர் போலக் கலங்கல்.

"உள்ள சீழ் கோத்திருக்கு" என்றார். பிறகு பைய, "ஆத்துல எறங்குனியளா?"

"இல்லை."

உலகம்மாளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்திருக்கும். இருந்தாலும் ஒன்றும் கேட்காமல் கட்டைக் கட்டினார். என் பொய்க்கு அவர் கட்டிய கட்டு.

அவர் போன பிறகு உலகம்மாள் சொன்னாள்: "நாளைக்கு நான் தாலியறுத்தாலும் பொறுத்துக்கிடுவேன். அந்தப் பிள்ளை சோத்துல மண்ணப் போட்டியளே."

ஆகஸ்டு 13

தேதி சரிதானா? பகலில் உறக்கம், இராவெல்லாம் விழிப்பு. கண் மஞ்சள். கஞ்சி இறங்கவில்லை.

ஆகஸ்டு 16

டாக்டரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். மதார் வந்து சொன்னான். வந்தபோது இருந்த குதூகலம் சொல்லி முடிப்பதற்குள் அவனிடமே இல்லை.

"ரயிலடியில பாத்தேன் வே. கையில தகரப்பெட்டி, பக்கத்துல பொஞ்சாதி. என்னைக் கண்டதும் மொகத்தத் திருப்பிக்கிடுவாருன்னு நெனச்சேன். 'ஐயம்பெருமாள் பிள்ளைக்குக் காய்ச்சல் எறங்கிச்சா'ன்னு கேக்காரு."

என்னால் தாங்க முடியவில்லை. "இன்னொரு மனு எழுதும் மதார்."

"என்னன்னு?"

"ஐயம்பெருமாள் பொய் சொன்னான்னு. கட்டை அவுத்துட்டு ஆத்துல முங்குனான்னு."

மதார் எழுந்துவிட்டான். "நாப்பத்திரண்டு பேரு போட்டிருக்கோம் வே. நீரு காய்ச்சல்ல பேசுதீரு. நாளைக்கு எழுதுவோம்." செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆகஸ்டு 17

மதார் வரவில்லை. நானே எழுத உட்கார்ந்தேன். உலகம்மாள் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். 'கலெக்டர் துரை சமூகத்துக்கு' என்பதற்குள் பேனா மூன்று முறை விழுந்தது. கை வௌவால் சிறகு மாதிரி அடித்துக்கொள்கிறது. இந்த நோட்டில் எழுதுவதையே நாளைக்கு யாரும் படிக்க முடியுமா, தெரியவில்லை.

ஆற்றில் இறங்கியதை மேலே ஒப்புக்கொண்டுவிட்டேன். ஊசி விஷயம் பாக்கி. கால்சட்டையில் துடைத்ததைக் கண்ணால் கண்டதாக மகஜரில் இருக்கிறது. அன்று என்னை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். என் வயிற்றுக்கு அப்பால் டாக்டரின் தலைப்பாகை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.