அத்தான் கலந்த பன்னீர்

அத்தான்,

இன்று பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வாசலில் பன்னீர் தெளித்த பெண் சொம்பைக் கொஞ்சம் வேகமாகவே உதறிவிட்டாள். ஒரு சொட்டு என் உதட்டில் விழுந்தது. துடைக்க மனமில்லாமல் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

யுத்த காலத்தில் மதுரை வெள்ளைக்காரர் கிளப்பில் மது கலந்து கொடுக்கும் வேலை உங்களுக்கு. முறைமாப்பிள்ளைதான், ஆனாலும் அப்பா இசையவில்லை. குடித்தே செத்த தம்பிக்குக் கொள்ளி வைத்தவர் அவர். பெண் கேட்டு வந்த உங்கள் அம்மாவிடம், சொந்த அக்காவென்றும் பாராமல், "சாராயம் ஊத்துற கைக்கு எம்மகளத் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அன்று முழுக்க அடுப்படியில் அழுதேன்.

நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விளாங்குடியில் எங்கள் வீட்டுக்குச் சைக்கிளில் வந்தீர்கள். பிளாஸ்கில் ஐஸ், துணிப்பையில் புதினாவும் சர்க்கரையும். அப்பா முன்னால் உட்கார்ந்து தம்ளரில் நசுக்கிக் கலந்தீர்கள். அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் கிளப்பில் சொல்லிக்கொடுத்த ஜூலெப் அது. முதலில் பாரசீகத்தில் வெறும் ரோஜாத் தண்ணீராம். கடல் கடந்து அமெரிக்கா போனபின் ரோஜா கழன்று, புதினாவும் சோளத்தில் வடித்த போர்பன் விஸ்கியும் சேர்ந்ததாம்.

"விஸ்கிய விட்டுட்டு, பழையபடி பன்னீர ஊத்திருக்கேன் மாமா. என் வேலை இம்புட்டுத்தான்" என்றீர்கள்.

அங்கேதான் கோட்டை விட்டீர்கள். ஊற்றியது கல்யாண வீட்டில் தெளிக்கிற பன்னீர், அதுவும் அரைத் தம்ளர். அப்பா மோந்து பார்த்தார். தலையில் தெளிப்பதை எவனாவது குடிப்பானா என்று தள்ளி வைத்தார். உங்கள் முகம் வாடிப்போனது. அதை என்னால் தாங்க முடியவில்லை. யாரையும் கேட்காமல் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, தம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தேன். குமட்டிக்கொண்டு வந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "அக்காவுக்குச் சொல்லி விடு. தை மாசம் வச்சுக்கிருவோம்" என்றார்.

மதுவிலக்கு வந்து, கிளப் வேலை போய், பலசரக்குக் கடையில் நின்ற காலத்திலும் கோடைதோறும் எனக்கு ஒரு தம்ளர் கலந்து தந்தீர்கள். பன்னீர் மட்டும் ஒரே சொட்டு. நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்று, "நல்லாருக்கா?" என்று கேட்பீர்கள். வேண்டுமென்றே பதில் சொல்லாமல் உங்களை நிற்க வைப்பேன்.

இப்போது நானே கலந்து பார்க்கிறேன். அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

இன்று உதட்டில் விழுந்ததும் அந்த ஒரே சொட்டுதான்.

நல்லாருக்கு, அத்தான்.