விடியக் கட்டும் கடதாசி

இன்று நெல்லியடிக் கடையில் சிவப்புக் கிறேப் கடதாசி வாங்கினேன். வாங்குமுன் விரலை நாக்கில் தொட்டு ஓரத்தில் தேய்த்தேன். விரல் பளிச்சென்று சிவந்தது. "ரீச்சர், கடதாசியை ருசி பாத்து வாங்குற ஆள் நீங்கள் ஒராள்தான்" என்று கடைக்காரர் சிரித்தார். எனக்கு உன் நினைவு வந்தது.

நீயும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். விளையாட்டுப் போட்டி வந்தால் பிள்ளைகளை நிறத்துக்கொரு இல்லமாகப் பிரிப்பார்கள்; நான் சிவப்பு இல்லத்துக்குப் பொறுப்பு, நீ பச்சைக்கு. இல்ல வாசலை வடிவாகச் சோடிப்பதற்கும் பரிசு உண்டு. சண்டைக்காலத்தில் கலர்க் கடதாசி கிடைக்காதபோது, உன் குசினியில் வெள்ளைத் தாளை பீற்றூட் அவித்த தண்ணீரில் தோய்த்துக் கொடியில் போட்டோம். காய்ந்ததும் அப்பளம்போல் நொறுங்கியது. சண்டை ஓய்ந்து பாதை திறந்து கொழும்பிலிருந்து கிறேப் சுருள் வந்த அன்று, நீ அதை முகர்ந்து பார்த்தாய், இழுத்துப் பார்த்தாய். நெடுக்கே இழுத்தால் வளர்ந்து கொடுத்தது. குறுக்கே இழுத்தால் கிழிந்தது.

அந்த வருடம் போட்டிக்கு முதல்நாள் பின்னேரமே என் இல்லத்து வாசலைச் சோடித்து முடித்துவிட்டேன். நீ உன் சுருளைப் பிரிக்கவேயில்லை.

"எடியே, மாசிப் பனி பொல்லாதது. கிறேப் ஈரம் தாங்காது. கழட்டி வை, விடிய வந்து கட்டுவம்."

"ஓம், நான் கழட்ட உன்ரை பச்சை வெல்லும். நல்ல கதைதான்!"

உன் முகம் கறுத்துப்போனது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

விடியப் பார்த்தால் தோரணமெல்லாம் துவண்டு தொங்கியது. கீழே வரிசையில் நின்ற என் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளில் சிவப்புச் சொட்டுகள். ஐயோ, நான் அழுதேவிட்டேன். நீ உன் வாசலைப் பாதியில் விட்டுவிட்டு, கறை எடுக்கத் தேசிக்காய்ப் புளியும் சவர்க்காரமுமாக ஓடிவந்தாய். தண்ணீர்த் தொட்டியடியில் இருவரும் சட்டை சட்டையாகத் தேய்த்தோம். சோடனைப் பரிசு நீல இல்லத்துக்குப் போனது. 'நான் சொன்னனான்தானே' என்று நீ ஒரு சொல் சொல்லவில்லை.

"கிறேப் ஒரு பக்கத்துக்காவது இழுபடும். நீ ஒரு பக்கமும் இழுபடமாட்டாய்" என்று மட்டும் சிரித்தாய்.

உன்னைச் சந்தேகப்பட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வீம்பு, வேறென்ன? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே வருடங்கள் போயின. பிறகும் எத்தனையோ போட்டிகளுக்குச் சேர்ந்து சோடித்தோம். அந்த ஒரு சொல் மட்டும் என் வாயில் வரவில்லை.

போன மார்கழியில் உன் பாடைக்குக் கடதாசி வாங்கப் புறப்பட்ட உன் தம்பி, "அக்கா, என்ன நிறம்?" என்று கேட்டான். "பச்சை. நில், நானும் வாறன்" என்றேன். மூன்று கடை ஏறினேன். தாள் தாளாக ஈர விரலால் தேய்த்து, சாயம் விடாத பட்டக் கடதாசியாகப் பார்த்து எடுத்தேன்.

உன்னைத் தூக்கியபோது தூறத் தொடங்கியது. சுடலைக்குப் போகாத பெண்கள் நாங்கள் வாசல் படலையோடு நின்றோம். நான் உன் வெள்ளைச் சேலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடதாசி நனைந்து பாடைக் கம்பில் ஒட்டிக்கொண்டது. அந்த வெள்ளையில் ஒரு சொட்டுப் பச்சை இறங்கவில்லை.

"நீ சொன்னது சரியடி. என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன். பாடை ஒழுங்கை முடக்கில் திரும்பிவிட்டது.

நாளைக்குப் போட்டி. சுருள் பிரிக்காமல் மேசையில் கிடக்கிறது, விடியத்தான் கட்டுவேன். விரலில் சிவப்பு இன்னும் இருக்கிறது. தேசிக்காய் எடுத்துத் தேய்க்க மனம் வரவில்லை.