பால் பிடித்த பயிர்

இன்று காலை என் அடிவாரத்து வயலில் மாடுகளுக்காக நெற்பயிரை அறுத்தேன். கதிரில் இப்போதுதான் பால் பிடித்திருக்கிறது. அந்தப் பிசுபிசுப்பு விரலில் ஒட்டியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது.

நான் பொதிமாடுகளில் உப்பு ஏற்றிக்கொண்டு மலைமேல் உங்கள் வாழவந்தி நாட்டுக்கு வந்துபோன காலம். அந்த வருடம் மழை பாதியில் நின்றுபோனது. மலையெங்கும் புல் கருகிவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது உங்கள் சினைப்பசு படுத்தே கிடந்தது. இரண்டு பேர் தூக்கியும் எழவில்லை. பள்ளத்து வயலில் மட்டும் நெல் பச்சையாக நின்றது. அதற்குப் பாயும் ஊற்றும் வற்றிக்கொண்டிருந்தது. நீங்கள் அரிவாளை எடுத்தீர்கள்.

உங்கள் மனைவி வரப்பில் குறுக்கே நின்றார். "கதிரு வந்த பயிருங்க. இதை அறுத்துட்டா புள்ளைங்களுக்கு நெல்லுச்சோறு ஏதுங்க?"

"தண்ணியில்லாம இது பதராத்தான் போவும். இப்பத்தான் இதுல சத்திருக்குது. நமக்குச் சாமை இருக்குது. மாட்டுக்கு என்ன இருக்குது?"

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. குனிந்து முதல் பிடியை அறுத்தீர்கள். அதைப் பார்த்து உங்கள் மனைவியும் இன்னொரு அரிவாளோடு வயலில் இறங்கினார். அடியில் ஒரு சாண் விட்டு அறுக்கச் சொன்னீர்கள். வாடவைத்த பயிரில் ஒரு கட்டு எடுத்து என் மாடுகளுக்கும் போட்டீர்கள். நான் தடுத்தேன்.

"உங்க மாடும் மலையெறங்கோணுமில்ல, ராவுத்தரே?"

நெல்லை மாட்டுக்குப் போடுகிறவர் என்று ஊரே உங்களைப் பார்த்துச் சிரித்தது. நான்காம் நாள் பசு தானாகவே எழுந்து நின்றது. அடுத்த முறை நான் வந்தபோது கிடாரிக்கன்று துள்ளிக்கொண்டிருந்தது. பிந்தி வந்த மழையில் அறுத்த தாள்கள் துளிர்த்துச் சின்னச் சின்னக் கதிர் விட்டிருந்தன. மறு வருடம் மாட்டுக்கென்றே ஒரு வயலில் நெருக்கமாக நெல் விதைத்தீர்கள். சிரித்தவர்களும் வந்து விதை கேட்டார்கள்.

காய்ச்சலில் நீங்கள் போன பிறகு, விதைப்புக் காலத்தில் மலையேறினேன். உங்கள் மனைவி மாட்டுக்கான அந்த வயலில்தான் முதலில் விதைத்துக்கொண்டிருந்தார். "வூட்டு நெல்லைப் பொறவு வெதைச்சுக்கலாமுங்க" என்றார்.

இந்த வருடம் இங்கும் மழை குறைவு. போன வாரம் பக்கத்து வயல்காரர் தீனி இல்லையென்று தன் பசுவைச் சந்தைக்கு ஓட்டிப் போனார். வழிமறித்தேன். "பயிரு பச்சையா நிக்குதுங்க. மாட்டை எதுக்கு விக்கோணும்?" என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது நீங்கள் பேசுகிற விதம். அவர் மாட்டை வீட்டுப்பக்கம் திருப்பினார்.