கருப்பாயி கொடுத்த மீனெண்ணெய்

தோட்டத்து ஆசுப்பத்திரி,
லாபிஸ், ஜொகூர்.
1934 கார்த்திகை 9.

அன்பு மகள் செல்லப்பாக்கியத்துக்கு அப்பா எழுதுவது. கந்தசுவாமியார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மருமகனும் பிள்ளை மனோன்மணியும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் மன்றாட்டம். மழை பதினைந்து நாளாய் விடவில்லை, றப்பர் பால்வெட்டு நின்றுவிட்டது, ஆட்கள் லயத்து அறைகளில் முடங்கிக் கிடக்கிறார்கள், காய்ச்சல்காரர் தொகை கூடிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி, நீ அனுப்பிய எண்ணெயைத்தான் பூசுகிறாள். உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மூத்தாள் பிள்ளை மனோன்மணி மெலிந்துகொண்டே போகிறது, மாற்றாந்தாய் சோறு போடுகிறாளோ என்னவோ என்று கிணற்றடியில் கதைக்கிறார்கள் என எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. உன்னை இரண்டாந்தாரமாய்க் கொடுத்தவன் நான். மூன்று மாதமாய் நான் ஏன் கடிதம் போடவில்லை என்றும் கேட்டிருந்தாய். காரணத்தை உனக்குச் சொல்லாமலே விட்டுவிடத்தான் இருந்தேன், அந்த வரிகளை வாசித்த பிறகு முடியவில்லை.

இங்கே வீரமுத்து என்று ஒரு பால்வெட்டுக்காரன், அவன் முதல் பெண்சாதி இருமி இருமிச் செத்தாள், அஞ்சலை என்று நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று மிஞ்சியது. பிறகு கருப்பாயி என்பவளைக் கட்டிக்கொண்டான். அவள்தான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தவள். கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. பூச்சி மருந்து கொடுத்தேன், குணமில்லை. ஒரு போத்தல் மீனெண்ணெயும் டின்பாலும் கொடுத்து வேளைக்கு ஒரு கரண்டி என்று சொல்லி அனுப்பினேன். கிழமைக்கொருமுறை தராசில் வைப்பேன், முள் கீழேதான் இறங்கும். போத்தலோ கணக்காய்த் தீர்ந்து வரும். ஐயா, நா கொடுக்கத்தான் செய்யிறேங்க, புள்ள வெளிக்குப் போறப்ப வெள்ளையா நெய் ஊத்தின மாதிரி போவுதுங்க, தண்ணி ஊத்தினாலும் மிதக்குதுங்க என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை மகள். எண்ணெயை விளக்கில் ஊற்றி எரித்துவிட்டு எனக்குக் கதை சொல்கிறாயா என்று மருந்துக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். அவள் பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டு போனாள். அன்றைக்கே மாற்றாந்தாய் பிள்ளையைப் பட்டினி போடுகிறாள் என்று துரைக்கு றிப்போட்டும் எழுதிவிட்டேன். என் எழுத்தை நம்பி வீரமுத்து அவளை அடித்தான், லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவளுக்கு இடம் விடவில்லை, அவள் தன் உறவுக்காரி ராஜம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிள்ளையை ஆசுப்பத்திரியில் வைத்துப் பார்த்தேன். கருப்பாயி உள்ளே வரக்கூடாது என்று கட்டளை போட்டவனும் நான்தான், அவள் வேலை முடிந்து வந்து கம்பி வேலிக்கு வெளியே நிற்பாள், பிள்ளை அவளைக் கண்டால் அழும், அதனால் சன்னலைச் சாத்தச் சொன்னேன். பதினொரு நாள் என் கையாலேயே பாலும் எண்ணெயும் ஊட்டினேன். அப்போதும் முள் இறங்கியது. அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அவள் கெடுத்த கேடு, காலம் பிந்திவிட்டது என்றுதான் நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் காலையும் ஊட்டினேன், மத்தியானம் பிள்ளை போய்விட்டது. அன்று சிகாமட்டிலிருந்து டாக்குத்தர் வரும் முறை. என் றிப்போட்டை வாசித்துவிட்டு, பட்டினி என்று எழுதியிருப்பதால் அறுத்துப் பார்க்க வேண்டும் என்றார். நான் பக்கத்தில் நின்று கத்தி எடுத்துக் கொடுத்தேன்.

குடலைத் தாங்கி நிற்கும் மெல்லிய சவ்வு முழுக்க வெள்ளை வெள்ளையாய் நூல் ஓடியிருந்தது, பால் நிரம்பிப் புடைத்துக் கிடந்தது. இருபத்திரண்டு வருடம் டிரெசராய் மருந்து கொடுத்தவன், அதை முன்னே கண்டதில்லை. டாக்குத்தர் கத்தி நுனியால் ஒன்றைத் தொட்டார், பால்தான் கசிந்தது. சோறும் சீனியும் இரத்தத்தோடு ஈரலுக்குப் போகும், கொழுப்புக்கு மட்டும் இது தனி வழி, இந்த நூல்களில் ஏறி, நடுவில் இருக்கும் கழலைகளைக் கடந்து, முதுகெலும்போரமாய் மேலே போய் இடது கழுத்தடியில் இரத்தத்தில் சேரும் என்றார். பிறகு அந்தக் கழலைகளைக் காட்டினார், நெறி கட்டினது போல் வீங்கி, உள்ளே சுண்ணாம்பாய் இறுகியிருந்தது. சயரோகம், பெற்றவளிடமிருந்து வந்திருக்கும், வழி அடைபட்டுப் போயிற்று, இது ஒரு நாளில் ஆனதல்ல, மாதக்கணக்காய் யாரோ இந்தப் பிள்ளைக்கு ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்கள், கொடுத்தது போய்ச் சேரவில்லை, மிஞ்சியதெல்லாம் வெளியே போயிருக்கும் என்றார். கருப்பாயி இரண்டு தரம் சொன்னது அதுதானே. அன்று காலை நான் ஊட்டியதும் அந்த நூல்களில்தான் நின்றது.

சாயந்தரமே ராஜம்மா வீட்டுக்குப் போனேன். கருப்பாயி அரிசி களைந்துகொண்டிருந்தாள். உன்மேல் பிழையில்லை, நீ கொடுத்ததை நான் கண்ணால் கண்டேன், எல்லாவற்றையும் திருத்தி எழுதுகிறேன் என்று சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துப் போனேனே, என் புத்தியைப் பார். கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்போ அது அத்தன நாளும் பசியோடவா இருந்துச்சுங்க ஐயா என்று கேட்டாள். கஞ்சி குடிச்சு முடிச்சதும் இன்னும் குடுன்னு கையைப் புடிக்குங்க, வயித்தப் பாத்துட்டு இம்புட்டுப் பேராசையான்னு ஒரு நா அந்தக் கையில அடிச்சுப்புட்டேன் என்றாள். அழவில்லை. அரிசியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆட்கள் வரிசை கட்டும் பெரட்டுக்களத்தில், பெயர் கூப்பிட்டு முடிந்ததும், துரையிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன், பிழை முழுக்க என்னுடையது, கருப்பாயி குற்றமற்றவள் என்று. ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வீரமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் அங்கே இல்லை, விடியற்காலை ரயிலில் ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டாள், அங்கிருந்து கெலாங் பாத்தாவில் இருக்கும் தமையனிடம் போவதாய்ச் சொன்னாள் என்று ராஜம்மா சொன்னாள். வீரமுத்து இரண்டு தரம் போய்த் தனியாகத் திரும்பி வந்தான். நானும் தமையன் விலாசத்துக்கு எழுதினேன், பதில் இல்லை, அவளுக்கு எழுத்துத் தெரியாது, யாராவது வாசித்துக் காட்டினார்களோ என்னவோ. எனக்கு இப்போது சாப்பாடு இறங்குவதில்லை, தராசுப் பக்கம் பெரும்பாலும் கம்பவுண்டரைத்தான் அனுப்புகிறேன்.

மனோன்மணிக்கும் அதே நோய்தான் என்று நான் சொல்லவில்லை, வீணாய்ப் பயப்படாதே. ஆனால் ஊர் வைத்தியத்தோடு நின்றுவிடாமல் யாழ்ப்பாணத்துப் பெரிய ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோ, பிள்ளை எப்படி வெளிக்குப் போகிறது, வயிறு எப்படி, இருமல் உண்டா எல்லாம் வெட்கப்படாமல் சொல்லு, கேட்காவிட்டால் திரும்பவும் சொல்லு. பாலை நன்றாய்ப் பொங்கக் காய்ச்சிக் கொடு. மருமகனுக்குத் தனியாக ஒரு கடிதம் இதனுடன் வைத்திருக்கிறேன், அவர் கையிலேயே கொடு. கிணற்றடிக் கதைக்கு மறுமொழி சொல்லிக்கொண்டு நிற்காதே. பிள்ளையைப் பட்டினி போடுகிறாயா என்று யாராவது உன் வீட்டு வாசலில் வந்து கேட்டால் எனக்கு ஒரு தந்தி அடி, லீவு தராவிட்டாலும் கப்பலேறி வருவேன். நீ அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொடுக்கிறாய் மகள், எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

அம்மாவின் முத்தங்களும் உங்கள் மூவருக்கும் என் ஆசீர்வாதமும். யாழ்ப்பாணத்து டாக்குத்தர் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதி அனுப்ப மறவாதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
வே. சோமசேகரம்