வலிக்காத தோளின் படம்

ஜூலை 8, செவ்வாய்

அம்மா என் டி-ஷர்ட்டை முகர்ந்துவிட்டார். தைல வாசனை. தோள் வலிக்கிறதா என்றார். ஸ்மாஷ் அடிக்கும்போதெல்லாம் வலது தோள் வலிக்கிறது, ஒரு மாதமாக. ஆனால் பதினொரு நாளில் பினாங்கு மாநில பேட்மிண்டன் போட்டி. சொன்னால் என் இடத்தில் எங்கள் அணியின் மஹ்பூபா ஆடுவாள். இடது தோளைக் காட்டினேன். பள்ளி பஸ் கதவில் இடித்துக்கொண்டேனாம்.

பன்னிரண்டு வயதுக்கு நல்ல பொய்தான்.

ஜூலை 9, புதன்

நாளை ஆஸ்பத்திரி. போகட்டும் — நல்ல தோளைப் படம் எடுத்தால் நல்ல படம்தானே வரும்?

ஜூலை 10, வியாழன்

டாக்டர் இடது தோளை அழுத்தியபோதெல்லாம் முகம் சுளித்தேன். கொஞ்சம் அதிகமாக நடித்துவிட்டேன் போல, எக்ஸ்ரேக்கு எழுதிவிட்டார்.

படம் எடுத்தவர் நவமணி அக்கா. இடது தோள் முடிந்ததும் கிளம்பப் பார்த்தேன். வலதையும் எடுக்க வேண்டுமாம். அங்கே வலியே இல்லையே என்றேன்.

"சின்ன பிள்ளைங்களுக்கு எலும்பு வளர்ற எடத்துல ஒரு கோடு இருக்கும்மா. விரிசல் மாதிரியே தெரியும் லா. வலிக்காத தோளையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் புரியும்."

இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

டாக்டர் இரண்டு படங்களையும் பார்த்தார். இடதில் கோடு நூல் மாதிரி. வலதில் அகன்று கிடந்தது. என் வலது தோளில் விரல் வைத்தார். நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். அது நடிப்பில்லை.

மூன்று மாதம் ராக்கெட்டைத் தொடக்கூடாது. மீறினால் கையின் வளர்ச்சியே கெடலாமாம்.

கார் கெலுகோரைத் தாண்டியது. அம்மா, "ஒரு மாசமா வலியோட இருந்திருக்க. எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

திட்டியிருந்தா அழுதிருக்க மாட்டேன். ஏன் திட்டல?

ஜூலை 19, சனி

மஹ்பூபா அரையிறுதியில் தோற்றாள். கைதட்டினேன். ஆடியதற்கா, தோற்றதற்கா? எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ராக்கெட்டைத் தொடவில்லை. காலால் நகர்த்தினேன். அது தொடுவதில் சேராது.

அக்டோபர் 18, சனி

போன வாரம் எடுத்த படத்தில் இரண்டு கோடுகளும் ஒரே அளவு. மெதுவாக ஆடலாம் என்றார் டாக்டர்.

இன்று மஹ்பூபாவோடு ஆடினேன். பதினெட்டுக்குப் பதினைந்து, நான்தான் முன்னால். ஒரு ஸ்மாஷில் தோள் லேசாக இழுத்தது. யாரும் கவனிக்கவில்லை. இன்னும் மூன்றே புள்ளி.

ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பயிற்சியாளர் ஹைதரிடம் போய்ச் சொன்னேன்.

தான் ஜெயித்ததாக மஹ்பூபா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும்.