மேசைமேல் ஓடிய ரயில்

திருகோணமலை,
ஒக்டோபர் 1957

மதிப்புக்குரிய வாப்பாவுக்கு மகன் லாபிரின் ஸலாம். உம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

"விளையாட்டு ரயில் விக்கிறதும் ஒரு தொழிலாடா?" என்று நான் பெருநாளுக்கு ஊருக்கு வந்தபோது கேட்டீர்கள். இது சும்மா கடை இல்லை வாப்பா. எஞ்சினை மேசைத் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டாமல் விற்கமாட்டோம். பழுதானால் நாங்களே திருத்துவோம். வளர்ந்த மனிதர் மணிக்கணக்காகப் பார்த்து நின்றாலும் சிரிக்கமாட்டோம்.

துறைமுகத்துக் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டு வெள்ளைக்காரர் எல்லாரும் கப்பலேறுகிறார்கள் அல்லவா? நேற்று ஒரு துரை, கொண்டுபோக ஏலாது என்று எங்களிடம் வாங்கிய எஞ்சினைத் திருப்பிக் கொடுத்தார். வழக்கப்படி ஓட்டினேன். ஒரு சுற்று முடிந்தும் அவர் நகரவில்லை.

"இன்னும் ஒருக்கா ஓட்டு தம்பி, அவசரமில்லை," என்றார் முதலாளி. ஓம், கடையில் வேறு ஒருவரும் இல்லை. துரை போன பிறகும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இங்கே மழை. என் பழைய போர்வையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். உம்மாவின் மாசிக் கருவாட்டுச் சம்பலும் கொஞ்சம் வேண்டும்.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது. இனிக் கடிதத்தைக் கடை விலாசத்துக்குப் போடவேண்டாம், பாலையூற்றில் நான் தங்கும் அறைக்கே போடுங்கள். கடைக்கு வர்ணம் பூசுகிறார்கள், வேறொன்றும் இல்லை. மேசைத் தண்டவாளத்தை இன்று காலை நானே கழற்றிக் கட்டி வைத்தேன்.

மகன்,
லாபிர்