ஐந்தாவது குழிக்கு ஆறு

இன்று காலை கிளினிக்கில் என் பேனை எழுதாமல் நின்றுவிட்டது. முன்னால் தாய்மார் வரிசை வாசல் வரை நிற்கிறது, தராசுத் தொட்டிலில் ஒரு குழந்தை கிடந்து கத்துகிறது, நிறையை எழுத என்னிடம் ஒன்றுமில்லை. கைப்பையின் அடியில் துழாவினேன். விரலில் பட்டது அந்தப் பச்சைப் பென்சில். சுண்டுவிரல் நீளம், பின்னால் அழிறப்பர் கிடையாது. நீ எனக்குத் திருப்பித் தந்த பென்சில்.

"என்ன மிஸ் இது, ஈர்க்குத் துண்டா?" என்று குழந்தையின் தாய் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டு கொப்பியில் நிறையை எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அடுத்த குழந்தையைத் தரச் சொன்னேன். பின்னால் நின்ற ஒருத்தி, "இந்த மிட்வைஃப் மிஸ் ஒவ்வொண்டா எழுதி முடிக்கிறதுக்குள்ள என்ட புள்ள நடக்கத் தொடங்கிரும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஒவ்வொன்றாக எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, பள்ளிக்கூடத்தில் இருந்த முகாமுக்கு வந்த பெட்டிகள் நினைவிருக்கிறதா? பெரியகல்லாற்று வெயிலுக்குக் கம்பளிக் கோட்டு அனுப்பியிருந்தார்கள். குதி உயர்ந்த சப்பாத்து அனுப்பியிருந்தார்கள். ஒரு பெட்டியில் ஐந்து இரும்புத் தடிகளும் ஒரு பை நிறைய வெள்ளைப் பந்துகளும் இருந்தன. ஒருவர் அதில் ஒன்றை எடுத்துக் கொடி கட்டிச் சாறன் காயப்போட்டார். நான்தான் கத்தினேன்: "ஐயோ, இது கோல்ஃப் மட்டை! நான் கொம்பியூட்டர்ல பார்த்திரிக்கன்!"

உன் அப்பாவைக் கடல் கொண்டுபோய் அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதுவரை யாரோடும் பேசாமல் இருந்த நீ தலையை நிமிர்த்தி, "இதால என்னத்தக் கா அடிக்கிற?" என்று கேட்டாய். முகாமில் நான் கேட்ட உன் முதல் வார்த்தை அதுதான்.

அதற்குப் பிறகு என்னை யாரால் பிடிக்க முடியும்! புளியந்தீவுக்குக் கணினி வகுப்புக்குப் போகும் நாளெல்லாம் நெட் கஃபேயில் உட்கார்ந்து கோல்ஃப் விதிகளை ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். பாதி விளங்கவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு நானே தமிழாக்கினேன். வெயில் காலத்தில் வாவி வற்றிக் காயும் தரையில் பால்டின்களைப் புதைத்து நான்கு குழிகள் செய்தோம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கம்பும், கிழிந்த சேலைத் துண்டில் ஒரு கொடியும். பந்தை ஆகக் குறைந்த அடியில் குழிக்குள் விழுத்த வேண்டும். விளையாட்டே அவ்வளவுதான்.

உனக்குப் பிடித்தது அடிப்பதல்ல, எழுதுவது. தன் அடியைத் தானே எழுதக்கூடாது, கூட ஆடுபவர்தான் எழுத வேண்டும், முடிந்ததும் இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும் என்று நான் வாசித்தபோது நீ கைதட்டினாய்.

"அப்ப என்ட அடி உன்ட கையில. உன்ட அடி என்ட கையில."

"ஓம் கா. களவு செய்ய ஏலா."

"களவுக்கில்ல விசரி. நான் அடிச்சத இன்னொரு ஆள் பார்த்தெண்டு இரிக்கும். அதுக்கு."

எனக்கு அன்று அது விளங்கவில்லை.

சண்டை மீண்டும் தொடங்கிய காலத்தில் வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் ஷெல் விழும் சத்தம் கேட்கும். நாம் நின்று கேட்போம். பிறகு, "மூணு அடிச்சிட்டாய், நாலாவது" என்று நீ சொல்வாய். ஒரு நாள் சோதனைச் சாவடியில் சாக்கை அவிழ்க்கச் சொன்னார்கள். இரும்புத் தடிகள், பந்துகள், இலக்கமும் கையெழுத்துமாகத் துண்டுக் கடதாசிகள். அந்த ஆமிக்காரர் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீ ஒரு பந்தை மண்ணில் வைத்து, மட்டையை ஓங்கி வீசினாய். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்து, போகச் சொல்லிக் கையை ஆட்டினார். சைக்கிளில் நூறு யார் தூரம் போன பிறகு நீ பின்னாலிருந்து சொன்னாய்: "அதையும் எழுது. பந்தில படாட்டியும் அது ஓரடி."

போர் முடிந்து பாதைகள் திறந்தன. அப்போது நான் கைப்பேசியிலேயே குடியிருந்தேன். தெற்கில் ஒரு கிளப் புதிய பெண் ஆட்டக்காரருக்குப் போட்டி வைப்பதை அதில்தான் கண்டேன். ஒன்பது குழி. முதலாவதாக வருபவருக்கு ஒரு வருடப் பயிற்சி, தங்குமிடத்தோடு. முடித்தால் பயிற்றுநர் வேலை. எனக்கு அது ஒரு பயணம், படம் எடுத்து இணையத்தில் போட ஒரு நாள். உனக்கு அப்படியில்லை. பாலர் பள்ளியில் உதவிக்கு நின்றுகொண்டிருந்தாய், பரீட்சைச் சான்றிதழெல்லாம் கடலோடு போயிருந்தது. பஸ்ஸில் நீ சொன்னாய்: "இதுக்கு ஒருத்தரும் சேட்டிபிக்கட் கேக்கல்ல கா. எத்தின அடி எண்டு மட்டும்தான் கேக்காங்க."

அங்கே புல்லைக் கண்டதும் நீ செருப்பைக் கழற்றிவிட்டாய். "சப்பாத்து வேணும் தங்கச்சி" என்று மேசையில் இருந்த அம்மா அரைகுறைத் தமிழில் சொல்லி ஒரு சோடி தந்தார். ஆளுக்கொரு கார்டும் குட்டிப் பச்சைப் பென்சிலும் தந்தார். நம் இருவரையும் சோடி சேர்த்தார்கள். வழமை போல உன் கார்ட் என் கையில், என் கார்ட் உன் கையில்.

நான் நான்காவது குழியிலேயே தோற்றுவிட்டேன், பந்து குளத்துக்குள். அதன் பிறகு உன்னைப் பார்ப்பதுதான் என் வேலை. ஐந்தாவதில் உன் பந்து மணல் பள்ளத்தில் விழுந்தது. ஏறி வர இரண்டு அடி கூடிப் போய் ஆறு. ஆறாவதில், தென்னை மரம் ஒன்றைப் படுக்க வைத்த அளவு தூரத்திலிருந்து நீ மெல்லத் தட்டியது உருண்டு உருண்டு போய்க் குழிக்குள் விழுந்தது. நான்கு! நான் துள்ளினேன், கத்தினேன், கைப்பேசியை எடுத்து உன்னையும் குழியையும் கொடியையும் படம் பிடித்தேன். ஏழாவதுக்கு நடக்கும்போதுதான் இரண்டு குழிக்கும் ஒன்றும் எழுதவில்லை என்று கண்டேன். நடந்துகொண்டே எழுதினேன். நான்கு, ஆறு.

ஆறு, நான்கு என்றல்லவா இருக்க வேண்டும்!

மேசையில் நீ கார்டைப் பார்த்தாய், கடைசி எண்ணை மட்டும். நான் எழுதியது என்பதால் மற்றதைப் பார்க்கவில்லை. கையெழுத்து வைத்தாய். நானும் வைத்தேன். நாற்பத்தேழு. அடுத்தவளுக்கு நாற்பத்தெட்டு. நீதான் முதலாவது. நான் அழுதுகொண்டே உன்னைத் தூக்கினேன். அந்த அம்மா வந்து உன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

பலகையில் எல்லார் அடிகளையும் குழி குழியாக எழுதி ஒட்டினார்கள். என்னைப் படமெடுக்கச் சொல்லிப் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாய். நின்ற இடத்தில் தலையைத் திருப்பி உன் வரிசையைப் பார்த்தாய். சிரிப்பு அப்படியே நின்றது.

"அஞ்சாவதில நான் ஆறு அடிச்சனான் கா."

அந்த விதியை என் கொப்பியில் என் கையால் எழுதியவள் நான். கூட்டல் பிழைத்தால் மேசைக்காரர் திருத்துவார். ஒவ்வொரு குழிக்கும் எதிரே இருக்கும் எண்ணுக்கு ஆடியவரே பொறுப்பு. உண்மையைவிடக் கூட இருந்தால் அந்தக் கூடின எண்ணே நிற்கும். குறைய இருந்து கையெழுத்தும் வைத்துக் கொடுத்துவிட்டால், போட்டியிலிருந்தே வெளியே.

நீ மேசைப் பக்கம் நடக்கத் தொடங்கினாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எங்க போறாய்? கூட்டினா அதே நாப்பத்தேழுதானே! ஆருக்கு என்ன நட்டம்?"

"அஞ்சாவதில நாலு எண்டு கிடக்கு. நான் நாலு அடிக்கல்ல."

"ஆறாவதில அடிச்சாய்தானே! மாறிப் போச்சு, அவ்வளவுதான். ஒருத்தருக்கும் தெரியா கா!"

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். ரெண்டு பேர்தானே பார்த்தெண்டு நிண்ட."

"பிழை என்ட! நான்தானே எழுதின. நான் போய்ச் சொல்றன்."

"கையெழுத்து என்ட" என்றாய். கையை விடுவித்துக்கொண்டு போனாய்.

அந்த அம்மா முதலில் சிரித்தார். "மொத்தம் சரிதானே தங்கச்சி?" பிறகு சிரிப்பை விட்டுவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினார், பக்கத்திலிருந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். நீண்ட நேரம் பேசினார்கள். கடைசியில் எழுந்து வந்து உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நாற்பத்தெட்டு அடித்தவளைக் கூப்பிட்டார்கள்.

பஸ்ஸில் நான் விக்கி விக்கி அழுதேன். நீ அவித்த கடலையை உரித்து உரித்து என் மடியில் போட்டாய். "ஏன் கா அழுறாய்? உன்ட ஆறாவது குழிப் படத்தக் காட்டு, பார்ப்பம்." காட்டினேன். உன் காலும் பாதிக் கொடியும் மட்டும் விழுந்திருந்தது. "இதுக்கா எழுத மறந்தாய்!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி நீ சிரித்தாய். கொஞ்ச நேரம் கழித்து யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். தோள் மெல்லக் குலுங்கியது. நான் பார்த்தேன். பார்த்ததை உன்னிடம் சொல்லவில்லை.

ஊரில் எல்லாரும் கேட்டார்கள். "என்ன புள்ள, வெண்டியா?" எல்லாருக்கும் நீ ஒரே பதில் சொன்னாய்: "ஒரு குழியில பிழைச்சிட்டன்." உன் அம்மாவிடம்கூட அதுதான். என் பெயர் உன் வாயிலிருந்து ஒருநாளும் வரவில்லை. நான்தான் மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் உன் அம்மாவின் முன்னால் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர், "அவள் அப்பனப் போல" என்று மட்டும் சொல்லித் தேத்தண்ணி தந்தார்.

ஆனால் நான் உனக்கு நன்றி சொல்ல நினைப்பது அதற்காக மட்டுமல்ல. அடுத்த ஞாயிறு நீ சாக்கோடு என் வீட்டுப் படலையில் நின்றாய். வாவிக்கரையில் ஒரு கடதாசியையும் அந்தப் பச்சைப் பென்சிலையும் என்னிடம் நீட்டினாய்.

"எழுது."

"நான் எழுத மாட்டன். இனி உன்ட கார்ட்டத் தொட மாட்டன்."

"அப்ப ஆரு எழுதுற? இந்த ஊரில கோல்ஃப் தெரிஞ்ச ஆக்கள் ரெண்டு பேர். ஒருத்தி நான்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு. முதலாவது குழியில் நீ ஐந்து அடித்தாய். நான் அசையாமல் நின்று ஐந்து என்று எழுதிய பிறகுதான் இரண்டாவதுக்கு நடந்தோம். நீ அவசரப்படுத்தவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு, நான் எழுதுவதைப் பார்த்தபடி நின்றாய்.

எனக்கு மிட்வைஃப் பயிற்சிக்குக் கடிதம் வந்தபோது என்னைவிட நீதான் துள்ளினாய். நான் பயிற்சியில் இருந்த மாரிக் காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நாலே நாள். நான் வந்து சேர்ந்தபோது உன் வாசலில் ஊர் நின்றது. அந்த ஞாயிறு வாவிக்கரைக்குப் போனேன். தண்ணீர் ஏறி நான்கு குழியையும் மூடியிருந்தது. கொடிக் கம்புகள் மட்டும் வெளியே தெரிந்தன.

இப்போதும் கைப்பேசியில் உலகத்துப் போட்டியெல்லாம் விழித்திருந்து பார்க்கிறேன், நீ இருந்தால் திட்டுவாய். யாராவது குழியிலிருந்து பந்தை எடுத்ததும் நான் பார்ப்பது பந்தையல்ல, கூட ஆடுபவரின் கையை. எழுதுகிறாரா?

இன்று கடைசியாக இரட்டைக் குழந்தைகள் வந்தார்கள். அக்கா நல்ல கொழுகொழு. தங்கைக்கு நாலு மாதமாகியும் நிறை ஏறவில்லை. அந்தத் தாய், பஸ் போய்விடும் என்று இரண்டையும் அடுத்தடுத்துத் தராசில் வைத்து எடுத்தாள். "பிறகு எழுதுங்க மிஸ், ரெண்டும் ஒரு வீட்டுப் புள்ளதானே" என்றாள். கூட்டினால் ஒரே மொத்தம்தான். மாற்றி எழுதினால் நாளைக்கு வைத்தியரிடம் போவது எந்தப் பிள்ளை?

"திரும்ப வைங்க" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே மெலிந்தவளை மீண்டும் தொட்டிலில் கிடத்தினாள். முள் ஆடி நின்றது. பார்த்தேன். உன் பென்சிலால் எழுதினேன். எழுதியதை அந்தத் தாய்க்குக் காட்டி, சரிதானா என்று கேட்டேன். அவள் எண்ணைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், ஓம் என்றாள். அதற்குப் பிறகுதான் மற்றவளைத் தரச் சொல்லிக் கையை நீட்டினேன்.